கூலிக்கு எழுதிய சொல்

விளம்பரம் எழுதுவது என் தொழில். நுங்கம்பாக்கத்தில் ஓர் ஏஜென்சியில் மாதச் சம்பளத்துக்கு எழுதிக்கொண்டிருந்தவள், மகள் பிறந்த பிறகு மாதவரம் பால்பண்ணைப் பக்கத்து வீட்டிலிருந்தே தனியாக எழுத ஆரம்பித்தேன். செங்குன்றத்து அரிசி மூட்டையின் மேல் அச்சாகிற நான்கு வரி, பெரம்பூர் நகைக்கடைக்கு ஆடி மாத எஃப்.எம். ஸ்பாட், ஜி.என்.டி. சாலையில் லாரி டிரான்ஸ்போர்ட் நடத்துகிறவரின் வெள்ளிவிழா மலர், மூலக்கடைப் பள்ளியின் அட்மிஷன் நோட்டீஸ், மும்பையில் ஆங்கிலத்தில் யோசித்து அனுப்புகிற ஷாம்புக்குத் தமிழ் என்று எது வந்தாலும் எழுதுவேன். பாதி அட்வான்ஸ், மீதி அச்சுக்குப் போன பிறகு. அந்த மீதியை வாங்குவது தனி உழைப்பு.

இதே வாயால்தான் காலையில் தேவாரம் சொல்கிறேன். அப்பா எண்ணூரில் லாரித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். ஷிப்ட் இல்லாத நாளில் என்னைச் சைக்கிளில் வைத்துத் திருவொற்றியூருக்குத் திருமுறை வகுப்புக்குக் கூட்டிப் போவார். பத்து விநாடி ஸ்பாட்டில் எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லில் குரல் இறங்க வேண்டும் என்பதெல்லாம் ஓதுவார் ஐயா தொடையில் தாளம் தட்டிச் சொல்லிக் கொடுத்ததுதான். ஏஜென்சியில் அதை யாரும் கற்றுத் தரவில்லை. பக்தி வேறு பிழைப்பு வேறு என்று என்னால் பிரித்து வைக்க முடியாமல் போனதற்கு இதுவே காரணம். ஓசையை அங்கிருந்து எடுத்துக்கொண்டால் கேள்வியும் அங்கிருந்தே வரும். கூலி வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காகச் சொல்லும் சொல்லுக்கு வாய்மை உண்டா? உண்டென்றால் அது எங்கே இருக்கிறது?

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தார். சொல்வன்மையை அமைச்சியலில் வைத்தார். கேட்டவரைக் கட்டிப்போடுகிற பேச்சு அரசனிடம் வேலை செய்பவனின் திறமை. வாய்மை, எல்லாவற்றையும் விட்டவனின் நோன்பு. எனக்கு இரண்டும் வேண்டும். நூலில் அவை எட்டாத தூரத்தில் இருக்கின்றன. ஆனால் வாய்மை அதிகாரத்தின் முதல் குறளை மறுபடி மறுபடி படித்தபோது ஒன்று பிடிபட்டது. உள்ளதை உள்ளபடி சொல்வதே வாய்மை என்று அவர் அங்கே சொல்லவில்லை. எவருக்கும் எந்தத் தீங்கும் விளைக்காத சொல் வாய்மை என்கிறார். சொல்லை அது புறப்படும் வாயில் வைத்து அளக்காமல், போய்ச் சேரும் ஆளிடம் வைத்து அளக்கிறார். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒற்றியூர்க் கதைக்குப் போகலாம்.

ஒற்றியூரே எழுத்தின் ஊர். அங்குள்ள இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்று பெயர். அரசனின் வரி ஓலையில், எழுதியவருக்கே தெரியாமல், ஒற்றியூருக்கு விலக்கு என்று வரிகளுக்கு நடுவே தாமே எழுதிச் சேர்த்தவர் என்பது தலக்கதை. சின்ன வயதில் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்போது என்னை விடாமல் பிடித்திருப்பது அதே கோயிலின் இன்னொரு கதை. அது தேவாரம் பாடிய சுந்தரருடையது.

பெரிய புராணம் சொல்கிறபடி, ஒற்றியூர்க் கோயிலில் பூத்தொடுக்கும் சங்கிலியாரைச் சுந்தரர் பார்க்கிறார், மணக்க விரும்புகிறார். அவருக்குத் திருவாரூரில் மனைவி பரவையார் இருக்கிறார் என்று சங்கிலியாருக்குத் தெரியும். உன்னைப் பிரியமாட்டேன் என்று அவன் சத்தியம் செய்வான் என்கிறார் சிவன். இங்கேதான் சுந்தரர் ஓர் ஏற்பாடு செய்கிறார். நான் சந்நிதிக்கு வந்து சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் லிங்கத்தை விட்டு வெளியே போய் மகிழ மரத்தடியில் இரும் என்று தோழனான இறைவனிடம் கேட்டுக்கொள்கிறார். இறைவனும் சம்மதிக்கிறார். அடுத்து அவரே சங்கிலியாரின் கனவில் போய், சந்நிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் செய்யச் சொல் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் சேடியர் அப்படியே கேட்கிறார்கள். தப்ப வழியில்லாமல் சுந்தரர் மரத்தை மூன்று முறை சுற்றி வந்து சத்தியம் செய்கிறார். பிறகு வசந்தம் வருகிறது, தென்றல் வீசுகிறது, ஆரூர் நினைவு வாட்டுகிறது. கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன.

அடுத்து அவர் போனது திருமுல்லைவாயிலுக்கு. ஒற்றியூரிலிருந்து முல்லைவாயிலுக்கு நேர்கோடு இழுத்தால் அது எங்கள் மாதவரத்துப் பக்கமாகத்தான் வரும். ரெட்டேரிக் கரையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு. கண்ணில்லாமல், வழியில் போகிறவரை விசாரித்துக்கொண்டு, தமிழில் அவ்வளவு அழகாகப் பாடத் தெரிந்த ஒரு மனிதர் இந்த வழியாகப் போயிருக்கிறார்.

இந்தக் கதையைச் சத்தியம் தவறியவனுக்குக் கிடைத்த தண்டனை என்றே அப்பா சொல்வார். எனக்கு முக்கியமாகப் படுவது தவறியதற்கு முந்தைய அந்த ஏற்பாடுதான். சுந்தரர் பொய் சொல்லத் திட்டமிடவில்லை. சந்நிதியில் சொல்லியிருந்தாலும் அதே சொற்களைத்தான் சொல்லியிருப்பார். அவர் மாற்ற நினைத்தது சொல்லை அல்ல, சாமி இருக்கும் இடத்தை. கேட்கிற பெண் சாமிக்கு முன்னால் சொன்னதாக நினைத்துக்கொள்வாள். அங்கே சாமி இல்லை என்பது சொன்னவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். என் தொழிலில் நடக்கிற ஏமாற்று பெரும்பாலும் இந்த வகை. அப்பட்டமான பொய்யை எழுதச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் குறைவு. ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்க, மொத்தமும் பொய்யாகும்படி அடுக்கித் தரச் சொல்லி வருகிறவர்களே அதிகம்.

செங்குன்றத்தைத் தாண்டி மனை போட்டிருந்த ஒருவருக்கு நோட்டீஸ் எழுத வேண்டியிருந்தது. கேட்டதெல்லாம் இரண்டு விஷயம்: மாதவரம் பஸ் நிலையத்திலிருந்து இருபது நிமிடம், மெட்ரோ அருகில்.

"நீங்க போய்ப் பாத்தீங்களாண்ணே?"

"நானே காருல வந்து பாத்துட்டேன் மேடம். கரெக்டா இருபது நிமிஷம்."

"எத்தனை மணிக்கு?"

"காலைல அஞ்சரை இருக்கும்."

"எட்டரைக்கு கன்டெய்னர் லாரி நிக்கிற நேரத்துல எவ்ளோ ஆகும்?"

"அதெல்லாம் நோட்டீஸ்ல போட முடியுமா மேடம்? இருபது நிமிஷம் பொய்யா? மெட்ரோ மாதவரத்துக்கு வருதா இல்லையா? நான் பொய் சொல்லலையே."

அவர் சொன்னது சரி. பொய் சொல்லவில்லை. இரண்டாம் கட்ட மெட்ரோவில் மூன்றாம் தடமும் ஐந்தாம் தடமும் மாதவரத்தில்தான் தொடங்குகின்றன. தூண் எழும்புவதைத் தினமும் பார்க்கிறோம். ஆனால் மாதவரத்தில் முடிகிற தடம் செங்குன்றத்துக்கு அப்பால் வாங்குகிறவருக்கு எந்த அளவில் அருகில்? அந்த நோட்டீஸை யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் தெருவிலேயே இருக்கிறார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துகொண்டே சீட்டுப் போட்டுச் சேர்த்தவர், காசிமேட்டில் படகு விற்ற பணத்தை என்ன செய்வது என்று தெரியாதவர். இருபது நிமிடம் என்று படித்ததும் அந்த நர்ஸ் மனத்தில் ஓடுவது காலை ஷிப்ட்டுக்குக் கிளம்பும் நேரம். அவர் ஐந்தரைக்குக் கிளம்பப்போவதில்லை. அவர் மனத்தில் என்ன பதியும் என்று தெரிந்தே நான் எழுதினால், பொய் பிறக்கும் இடம் அவர் மனம், பிறப்பித்தவள் நான்.

கிலோமீட்டரைப் போடலாம், ரெரா பதிவு எண்ணைப் பெரிதாகப் போடலாம், கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நேரில் குடித்துப் பார்த்ததால் அதைத் தலைப்பாகவே போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தண்ணீர் தலைப்பு இன்றைக்கும் எனக்குப் பிடித்த தலைப்பு. அவர் பணம் பாக்கி வைக்கவில்லை; அடுத்த லேஅவுட்டுக்கு வேறொருவரிடம் போனார்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. மனை விளம்பரத்தை நம்பி ஏமாந்தவருக்கு விற்றவர் பதில் சொல்ல வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. 2019-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 2022-இல் வந்த நெறிமுறைகளும் விற்பவர், விளம்பர நிறுவனம், பரிந்துரைக்கும் நட்சத்திரம் வரை பொறுப்பை நீட்டுகின்றன. இவை நல்ல சட்டங்கள். ஆனால் வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கும் என்னைப் போன்றவர் பெயர் எந்தக் கோப்பிலும் வராது. கண் போகாது என்று தெரிந்த இடத்தில் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்பதுதான் என் கேள்வி.

விளம்பரம் என்றாலே மிகைதான், கேட்பவருக்கும் அது தெரியும், அதனால் யாரும் ஏமாறுவதில்லை என்றும் ஒரு வாதம் உண்டு. இதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். உயர்வு நவிற்சி நம் மொழியில் ஓர் அணி. இந்தப் பொடி போட்டால் சாம்பார் வாசம் அடுத்த தெருவுக்குப் போகும் என்றால் யாரும் டேப் வைத்து அளக்கப் போவதில்லை. சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து விளையாடுகிறார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை, மகிழ்ச்சியே. ஆனால் இருவருக்கும் தெரிந்த மிகை ஒன்று, ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு ஒன்று. தூரம், வட்டி, மருந்து, பள்ளிக் கட்டணம் இவற்றிலெல்லாம் விளையாட்டுக்கு இடமில்லை. ஏனென்றால் எதிரில் இருப்பவர் விளையாட வரவில்லை.

இருவருக்கும் தெரிந்த பொய்கூட மனிதனை அரித்துவிடும் என்று சொன்னவரும் உண்டு. அகஸ்டீன், புனிதராவதற்கு முன் மிலான் நகரில் பேச்சுக்கலை ஆசிரியர். பேரரசரைப் புகழ்ந்து உரை நிகழ்த்துவது அவர் வேலையின் ஒரு பகுதி. அந்த உரையில் நிறையப் பொய் இருக்கும், பொய் என்று அறிந்தவர்களே கைதட்டுவார்கள் என்று தம் ஒப்புதல்கள் நூலில் எழுதுகிறார். அப்படி ஓர் உரையை நினைத்துக் கவலையோடு போகும் வழியில், குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரனைப் பார்க்கிறார். அவன் தன்னைவிட நிம்மதியாக இருப்பதாகப் படுகிறது. தம்மைச் சொல் விற்பவன் என்றே குறிப்பிடுகிறார். 386-இல் வேலையை விடுகிறார். உடனே ஆர்ப்பாட்டமாக விடவில்லை. திராட்சை அறுவடை விடுமுறை நெருங்கியிருந்தது, அதுவரை பொறுத்துச் சத்தமில்லாமல் விலகுகிறார். விலகுவதையே ஒரு விளம்பரமாக்க அவர் விரும்பவில்லை. அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நம் பக்கமும் இந்தக் குரல் உண்டு. மனிதரைப் பாடமாட்டேன் என்று நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். சுந்தரரும் திருப்புகலூரில் புலவர்களைப் பார்த்துச் சொல்கிறார்: வலுவில்லாதவனைப் பீமன் என்றாலும், கொடுக்காதவனைப் பாரி என்றாலும் அவன் தரப்போவதில்லை, புகலூரைப் பாடுங்கள். பொய்ப் புகழ்ச்சியை இவ்வளவு கண்டித்தவரும் மகிழ மரத்தடியில் ஏற்பாடு செய்தவரும் ஒரே ஆள் என்பதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பொய்யை அறிந்துகொள்வதும் ஏற்பாட்டை அறிந்துகொள்வதும் வெவ்வேறு அறிவு என்றே எடுத்துக்கொள்கிறேன். முதலாவது சீக்கிரம் வந்துவிடுகிறது.

அப்படியானால் அகஸ்டீன் போல நானும் விட்டுவிட வேண்டுமா? நன்றாக யோசித்து, வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தேன். அரிசியை அரிசி என்று நன்றாகச் சொல்வதில் தெய்வக் குற்றம் ஏதுமில்லை. டாரதி சேயர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1922 முதல் 1931 வரை லண்டனில் பென்சன் என்ற ஏஜென்சியில் விளம்பரம் எழுதியவர். கடுகு பற்றியும் கின்னஸ் பற்றியும் எழுதிய அதே கை பிற்பாடு கிறிஸ்தவ இறையியல் எழுதியது, தாந்தேயை மொழிபெயர்த்தது. தச்சனிடம் மதம் முதலில் கேட்க வேண்டியது நல்ல மேசை செய்வதைத்தான் என்பது அவர் வாதம். ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகக் கோயிலுக்கு வந்துவிட்டு வாரமெல்லாம் ஆடுகிற மேசை செய்தால் என்ன பயன் என்கிறார். என் மேசை அந்த நோட்டீஸ். அதன் மேல் கையூன்றிச் சாய்பவர் விழக்கூடாது.

மகிழ மரக் கதையில் யாரும் கவனிக்காத ஓர் ஆள் சங்கிலியார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் ஒரு கண்ணும் சுந்தரருக்குத் திரும்பக் கிடைத்தன. பரவையாரின் ஊடலைத் தீர்க்க இறைவனே ஆரூர்த் தெருவில் தூது நடந்தார். சங்கிலியாருக்கு யாரும் தூது போகவில்லை. சொல்லைக் கேட்டு, நம்பி, ஒற்றியூரிலேயே தங்கிவிட்டவர் அவர். பிறவியும் கைலாயமும் சொல்லிப் புராணம் கணக்கை நேர் செய்துவிடுகிறது, எனக்கு நேராகவில்லை. மாசித் திருவிழாவில் மகிழடி சேவைக்குப் போய் நிற்கும்போது கூட்டம் சுவாமியைப் பார்க்கும், நான் சங்கிலியாரை நினைத்துக்கொள்வேன். வாய்மை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அவர்தான். நான் எழுதும் ஒவ்வொரு நோட்டீஸுக்கும் ஒரு சங்கிலியார் உண்டு. அவர் என்ன புரிந்துகொள்வாரோ அதுதான் நான் சொன்னது. நான் எழுதியது எதுவானாலும் சரி.

இந்த ஒற்றியூருக்கு ஏழுகிணறு வீராசாமித் தெருவிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தவர் வள்ளலார். வடிவுடை மாணிக்க மாலையும் எழுத்தறியும் பெருமான் மாலையும் இந்தக் கோயிலுக்காகப் பாடியவை. அவருடைய பாடல்களை அச்சிட வேண்டும் என்று இறுக்கம் இரத்தின முதலியார் பாடுபட்டார். பாடல்கள் வந்து சேரும்வரை ஒருவேளை உணவுதான் என்று நோன்பே இருந்தார். 1867-இல் நூல் வெளிவந்தது. தம்மை இராமலிங்கசாமி என்று வழங்குவது தமக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று வள்ளலார் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். என் மேசைக்கு எதிரே ஒரு விளம்பரமும் ஒட்டி வைத்ததில்லை. இந்தக் கடிதத்தின் நகல் மட்டும் இருக்கிறது. அட்டையில் ஒரு பட்டம் கூடினால் விற்பனை கூடும் என்பது என் தொழிலின் அரிச்சுவடி. அவர் பட்டத்தைத் தள்ளினார், பெயரைத் தள்ளவில்லை. கடிதங்களில் சிதம்பரம் இராமலிங்கம் என்று கையொப்பமிட்டார். சொன்னதற்குப் பெருமை வேண்டாம், பொறுப்பு வேண்டும் என்பது போல எனக்குப் படுகிறது. விளம்பரத்தில் இது நேர்மாறாக இருக்கிறது. பெருமை பேசும் பெயர்கள் மேலே பெரிய எழுத்தில். எழுதியவர் பெயர் எங்கும் இல்லை.

போன தையில் எங்கள் பகுதியில் ஒரு சிறிய அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அழைப்பிதழ் எழுதித் தரக் கேட்டார்கள். கோயில் வேலைக்குக் கூலி வாங்குவதில்லை. தர்மகர்த்தா வயதானவர், அப்பாவோடு ஒரே ஷிப்ட்டில் வேலை பார்த்தவர். ஒன்பது வெள்ளிக்கிழமை எலுமிச்சை விளக்கேற்றினால் திருமணத் தடை நீங்கும், வேலை கிடைக்கும் என்று கண்டிப்பாகப் போட வேண்டும் என்றார். எல்லாக் கோயில் பலகையிலும் இருக்கும் வரிதான். நான் அந்த அம்மனை நம்புகிறவள். என் மகளின் காய்ச்சலுக்கு அங்கே போய் அழுதிருக்கிறேன். ஆனாலும் எழுத வரவில்லை. அரிசிக்கு நான் சொல்லத் துணியாத உத்தரவாதத்தை அம்மன் பெயரில் எப்படிக் கொடுப்பது? ஒன்பது வாரம் ஏற்றியும் அமையாத பெண் பத்தாம் வாரம் யாரைக் கேட்பாள்? தன் பக்தியில்தான் குறை என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பை விதைத்தவள் நானாக இருப்பேன்.

கல்யாணம் தள்ளிப்போகும் வீட்டார் ஒன்பது வெள்ளி இங்கே விளக்கேற்றி அம்மனிடம் முறையிடுவது வழக்கம் என்று எழுதினேன். நடப்பது அதுதான்.

தர்மகர்த்தா இரண்டு முறை படித்தார். "அம்மாவுக்குச் சக்தி இல்லைன்னு சொல்ற மாதிரி ஆயிடாதாம்மா?"

"முறையிடுறாங்கன்னா கேட்க ஆள் இருக்குன்னுதானே மாமா அர்த்தம். கொடுக்கிறது அவ இஷ்டம். அதை நாம எழுத முடியாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்து, உபயதாரர் பட்டியலுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தைக் காட்டி, "எழுதினது நீதானே, உன் பேரைப் போட்டுடலாம். கவிஞர்னு போடட்டுமா, எழுத்தாளர்னு போடட்டுமா?" என்று கேட்டார்.

"பேரு மட்டும் போதும் மாமா. வேணும்னா தெருப் பேரையும் போடுங்க" என்றேன். அப்படியே அச்சாகி வந்தது.